நின்றுபோன மண்ணாள்

பாவாயி: பொறு அம்மணி, பொறு! எறக்காதே. அது வண்டியிலயே கெடக்கட்டும்.

ராஜம்மாள்: ஏனுங்கக்கா? நேத்து வெடியக்காலம் ராசிபுரத்துல கெளம்புன வண்டிங்க. உங்க வாசல்ல எறக்கத்தான இத்தனை தூரம் வந்தது.

பாவாயி: அதுக்கில்ல... தரையெல்லாம் ஈரம். மண்ணாளை ஈரத்துல எறக்குனா காலு ஊறிப்போகும். வண்டிக்காரரு எங்க?

ராஜம்மாள்: மாட்டை அவுத்து ஆத்துக்கு ஓட்டிட்டுப் போயிருக்காரு. தண்ணி காட்டி, குளிப்பாட்டி, அவரும் ஒரு முழுக்குப் போட்டுட்டுத்தான் வருவாராம். காவேரியக் கண்டா அவரு லேசுல வரமாட்டாருங்க.

பாவாயி: அப்பச் செரி. நீ யாரு... மொகம் தெரிஞ்சாப்பல இருக்குது. பேருதான் வரமாட்டீங்குது.

ராஜம்மாள்: ராஜம்மா நானு. தறிக்காரரு குமாரசாமி சம்சாரம். எங்க ஊட்டுக்காரரு பினாங்குக்குக் கப்பலேறறதுக்கு முந்தி, அவருக்குப் பதிலாத் தறி நெய்யறதுக்கு உங்ககிட்டத்தான மண்ணாளு செஞ்சு வாங்குனோம். ஏழு வருசமாச்சு.

பாவாயி: அட, நம்ம ராஜம்மாவா! அன்னைக்கே ஈர்க்குச்சியாட்டம் இருந்த. இன்னைக்கும் அப்படியேதான் நிக்கற. உன்ர மாமியா சோறு போடறதில்லையா?

ராஜம்மாள்: போடறாங்க. நாந்தான் திங்கறதில்லீங்க.

பாவாயி: புருசனை நெனைச்சு நெனைச்சா?

ராஜம்மாள்: ...நெனைச்சு நெனைச்சுத்தானுங்க.

பாவாயி: சரி, மண்ணாளுக்கு என்ன கேடு? கையில வெடிப்பா, காலுல வெடிப்பா?

ராஜம்மாள்: கொஞ்சம் சோர்ந்தாப்பல தெரியுதுங்க. தறிக்குழியில உக்காந்தா முன்ன மாதிரி நாடா வீச மாட்டீங்குது.

பாவாயி: வருசா வருசம் ஆடியில என்ர தம்பி வந்து புது மண்ணு பூசிட்டுத்தான போறான்?

ராஜம்மாள்: ஆமாங்க. பதினெட்டுக் கழிஞ்சு மூணாம் நாளு வந்துருவாரு. ஒரு வருசமும் தவறுனதில்ல. ஆத்துல வெள்ளம் போன வருசங்கூட, தலையில மண்ணுக்கூடையோட நனைஞ்சுக்கிட்டு வந்தாரு... உங்க தம்பி இல்லீங்களா?

பாவாயி: யாரு, அர்த்தநாரியா? அவன்... சந்தைக்குப் போயிருக்கான்.

ராஜம்மாள்: சந்தைக்கா? நெசமாவா?

பாவாயி: பொய்யா சொல்றேன்? சட்டி பானையெல்லாம் யாரு விக்கறது?

ராஜம்மாள்: அப்ப... ஒடம்பு கிடம்பெல்லாம் நல்லா இருக்காருங்களா?

பாவாயி: அவனுக்கென்ன. எதுக்குக் கேக்கற?

ராஜம்மாள்: சும்மாத்தானுங்க. பூசறதுக்கு அவரு வேணுமில்ல. எப்ப வருவாருங்க?

பாவாயி: வருவான் வருவான். அவன் இல்லாட்டி என்ன? மண்ணு மிதிச்சுப் பெசையறது அவன். உருவம் புடிக்கறது நானு. உன்ர மண்ணாளோட மூக்கு முழியெல்லாம் என்ர கைதான். அன்னைக்கே நீ பார்த்துப்போட்டு, மூக்கு எங்க ஊட்டுக்காரரு மூக்கு மாதிரி இல்லைன்னு மொகத்தைத் தூக்கிட்டு நின்ன.

ராஜம்மாள்: நீங்க என்ன சொன்னீங்க? மூக்கு யாரு மூக்கா இருந்தா என்ன, மூச்சு அவனுதுன்னா போதும்னீங்க.

பாவாயி: ...சொன்னனா?

ராஜம்மாள்: சொன்னீங்க.

பாவாயி: மூச்சுதான அம்மணி எல்லாம். மூச்சு யாருதோ அவன் கைவேலைதான் அதுக்கு வரும். கேளு, பரமத்திப் பக்கம் நெலம் நெறைய உள்ள ஒரு பண்ணாடி. கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைக்க நாலு மண்ணாளு வேணும்னாரு. செஞ்சோம். மூச்சு ஊதறதுக்குப் பண்ணையாளுக மூணு பேரைக் கூட்டியாந்து நிறுத்துனாரு. அவனுகளும் கவலை ஓட்டோணும், அவனுக மூச்சும் கவலை ஓட்டோணும். என்ர தம்பிக்குப் பொறுக்கல. பண்ணாடி, நாலாவதுக்காச்சும் நீங்க ஊதுங்கன்னுட்டான்.

ராஜம்மாள்: ஊதுனாருங்களா?

பாவாயி: ஊதுனாரு! அந்த மண்ணாளு நேராப் போயி வரப்பு நெழல்ல உக்காந்துச்சு. உக்காந்துக்கிட்டு மத்த மூணையும் கையை நீட்டி நீட்டி வெரட்டுது!

ராஜம்மாள்: ஐயோ...

பாவாயி: சிரி, சிரி. சிரிச்சாத்தான் மொகம் மொகமா இருக்குது. சண்டை நேரத்துல பாரு, சேலத்துல இருந்து ஒரு துரை வந்தாரு. பட்டாளத்துக்கு ஆயிரம் மண்ணாளு வேணுமாம், பர்மாவுக்குக் கொண்டுபோக. மழையில நனைஞ்சா கரைஞ்சிரும் துரைன்னான் அர்த்தநாரி. பர்மாவுல எப்பப் பார்த்தாலும் மழைதான்னு பக்கத்துல இருந்தவன் சொன்னான். துரை தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு.

ராஜம்மாள்: நீங்க இத்தனை பேசுறீங்க, வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கலீங்களே அக்கா.

பாவாயி: ...ஆத்துல நல்ல தண்ணி ஓடுது. போயிக் குடிச்சுட்டு வா.

ராஜம்மாள்: பானை பண்ற ஊட்டுல தண்ணி இல்லீங்களா?

பாவாயி: பானையெல்லாம் காலி. விடு. மண்ணாளைக் காட்டு. துணிய வெலக்கு, கையப் பார்க்கறேன்... ஏன் இந்தக் கை இப்படி மேல தூக்குனாப்பல இருக்குது?

ராஜம்மாள்: நீங்களே பாருங்க.

பாவாயி: சில்லுனு இருக்குது. மாருலயும் சூடு இல்ல... ராஜம்மா, இது சோர்வு இல்ல சாமி.

ராஜம்மாள்: தெரியுமுங்க.

பாவாயி: நின்னு போச்சு.

ராஜம்மாள்: ஆமாங்க.

பாவாயி: எப்ப?

ராஜம்மாள்: பதினோரு நாளாச்சுங்க. வெள்ளிக்கெழம. மத்தியானச் சோத்துக்கு முந்தி. நாடா வீசறதுக்கு வலது கையத் தூக்குச்சு. நான் பக்கத்துல உக்காந்து நூலைத் தார்க்குச்சியில சுத்திக்கிட்டே என்னமோ பேசிட்டிருந்தேன். தறிச் சத்தம் நின்னுச்சு. நிமிந்து பார்த்தேன். தூக்குன கை தூக்குனபடியே...

பாவாயி: வெள்ளிக்கெழமையா. மத்தியானமா.

ராஜம்மாள்: ஏனுங்கக்கா?

பாவாயி: ஒண்ணுமில்ல. சொல்லு.

ராஜம்மாள்: சொல்றதுக்கு என்னங்க இருக்குது. மூச்சு குடுத்தவரு போயிட்டா மண்ணாளு நின்னுரும். எங்க தெருவுல இந்தச் சண்டையில ஆறு ஊட்டுத் தறி நின்னுச்சு. தந்தி வாரதுக்கு முந்தியே ஆறு பேரும் தாலியக் கழட்டியாச்சு. ஒண்ணுகூடப் பொய்யாப் போகல.

பாவாயி: உன்ர மாமியாளுக்குத் தெரியுமா?

ராஜம்மாள்: அவங்களுக்குக் கண்ணு மங்கலுங்க. தறிச் சத்தம் கேக்கற வரைக்கும் மவன் இருக்கான்னு நெனைப்பு. கதவைச் சாத்திட்டு நானே குழியில எறங்கித் தறி நெஞ்சேன். வண்டி கெளம்பற வரைக்கும் தெனமும்.

பாவாயி: ஒருத்தருக்கும் தெரியாம?

ராஜம்மாள்: மண்ணாளைச் சுவத்தோரமாச் சாய்ச்சு வெச்சுப்போட்டு, அதும் முன்னாலயே உக்காந்து நெஞ்சேன். ஏழு வருசம் அது நெய்யும், நான் பேசுவேன். இப்ப நான் நெய்யறேன், ஆனா பேசறதுக்கு வாய் வரலீங்க.

பாவாயி: என்ன பேசுவ, மண்ணாளுகிட்ட?

ராஜம்மாள்: எல்லாந்தான். நூலு கன்ட்ரோலு, ரேசன் அரிசியில புழு, மாமியா திட்டுனது, கெணத்தடியில எவ எவளை ஏசுனா... கேக்க ஆளிருந்தா பேச்சு வராதுங்களா?

பாவாயி: அதுக்கு வாயில்லையே. கேக்குதுன்னு எப்படித் தெரியும்?

ராஜம்மாள்: நான் பேச்சை நிறுத்துனா தறியும் நிக்குமுங்க. நிறுத்திட்டு என்னையே பார்த்துட்டு இருக்கும். திரும்பப் பேசுனா ஓடும். ஒருக்காக் காய்ச்சல்ல மூணு நாளு படுத்துட்டேன். மூணு நாளும் தறி ஓடல. மாமியா பயந்து போயி மவனுக்கு என்னாச்சோன்னு அழுகறாங்க. நான் பாயோட நகந்து போயிக் கதவோரமாப் படுத்து, இருக்கறேன், சாகலன்னு சொன்னேன். ஓடுச்சு.

பாவாயி: ...எந்த வருசம்?

ராஜம்மாள்: மூணு வருசமிருக்கும். மாசி மாசம்.

பாவாயி: மாசியில...

ராஜம்மாள்: என்னங்கக்கா, நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டீங்க?

பாவாயி: ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல. இப்ப என்ன பண்ணலாம்ங்கற?

ராஜம்மாள்: நீங்க சொன்ன முறைதானுங்க. நின்ன மண்ணாளை மண்ணெடுத்த எடத்து ஆத்துலயே கரைக்கோணும். அங்கயே தாலியக் கழட்டிப் போட்டுத் தலை முழுகிட்டுத் திரும்பிப் பார்க்காம ஊட்டுக்குப் போகோணும். ஒரு கை புடிங்க, கொண்டு போலாம்.

பாவாயி: என்ன அவசரம்? அது இங்க ஒரு மாசம் கெடக்கட்டும்.

ராஜம்மாள்: மூணு நாளைக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லி அனுப்புனீங்க.

பாவாயி: சொன்னேன். அது வேற.

ராஜம்மாள்: என்ன வேற?

பாவாயி: சில நேரம் ஈரம் ஏறியும் நிக்கும்.

ராஜம்மாள்: அப்படி உண்டுங்களா?

பாவாயி: எப்பவாச்சும்...

ராஜம்மாள்: உங்க கையில செஞ்சதுல எத்தனை அப்படி நின்னு திரும்ப ஓடிருக்குது?

பாவாயி: அட, போலீசுக்காரனாட்டம் கேக்கறயே!

ராஜம்மாள்: ஒண்ணாச்சும்?

பாவாயி: ...இல்ல.

ராஜம்மாள்: அப்பறம் எதுக்கு வெச்சிருக்கச் சொல்றீங்க?

பாவாயி: சொன்னாக் கேளு அம்மணி. பெரியவ சொல்றேன். போயிட்டு ஒரு மாசம் கழிச்சு வா.

ராஜம்மாள்: சக்கரம் ஏனுங்க கவுந்து கெடக்குது?

பாவாயி: மழை.

ராஜம்மாள்: சூளை குளுந்து கெடக்குது.

பாவாயி: மழைன்னு சொல்றேன்ல!

ராஜம்மாள்: உங்க கண்ணு வீங்கியிருக்குது.

பாவாயி: பொகை அடிச்சுது.

ராஜம்மாள்: சூளையே பத்த வெக்கல, பொகை எங்கிருந்து வந்துச்சுங்க?

பாவாயி: ...நீ மண்ணாளைப் பத்திக் கேக்க வந்தயா, என்ர ஊட்டை வேவு பார்க்க வந்தயா?

ராஜம்மாள்: கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி வரட்டும். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கரைச்சுடறேன்.

பாவாயி: அவன் வர நாளாகும்.

ராஜம்மாள்: எத்தனை நாளு? நான் இருக்கறேன். இந்த வேப்பமரத்தடியில உக்காந்துக்கறேன்.

பாவாயி: தெரியாது போ.

ராஜம்மாள்: அவரு வரமாட்டாருன்னா நானே கரைக்கறேன். கரைக்கறதுக்கு முந்தி இந்தத் தாலி...

பாவாயி: ராஜம்மா!

ராஜம்மாள்: முடிச்சு கெட்டியா இருக்குதுங்க. கொஞ்சம் அவுத்து உடறீங்களா?

பாவாயி: கழுத்துல இருந்து கையெடு! எடுன்னா எடு! பாவி, உசுரோட இருக்கற புருசனுக்குத் தாலிய அறுக்கறயே!

ராஜம்மாள்: ...உசுரோடவா? மண்ணாளு நின்னுருச்சுங்களே அக்கா.

பாவாயி: நின்னுருச்சு. அது உன்ர புருசன் மூச்சில்ல.

ராஜம்மாள்: அப்ப யாரு மூச்சுங்க?

பாவாயி: உக்காரு. அந்தக் கல்லு மேல உக்காரு.

ராஜம்மாள்: சொல்லுங்க.

பாவாயி: வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லு. இது தெரிஞ்சா எங்களை நம்பி எவளும் தாலி கட்டிக்கிட்டும் இருக்க மாட்டா, கழட்டவும் மாட்டா. இந்தத் தொழிலே அந்த நம்பிக்கையில நடக்குது.

ராஜம்மாள்: சொல்லலீங்க. நீங்க சொல்லுங்க.

பாவாயி: அன்னைக்குக் காலையில மூச்சு ஊதறதுக்கு உன்ர புருசன் சாளைக்குள்ள போனாரு. உள்ள அவரும் என்ர தம்பியும் மட்டுந்தான். ஊதறப்ப வேற யாரும் பார்க்கக் கூடாதில்ல. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்னேன். இடுக்கு வழியா அத்தனையும் தெரிஞ்சுது, காதுலயும் விழுந்துச்சு.

ராஜம்மாள்: நான் வெளிய நின்னேன்.

பாவாயி: நின்ன. உன்ர புருசன் மண்ணாளு மூக்குக்கிட்ட வாய வெச்சாரு. எடுத்தாரு. மறுக்கா வெச்சாரு. மறுக்கா எடுத்தாரு. ஊதுனா ஆயுசு கொறையும்னு சொல்றாங்களே அர்த்தநாரின்னாரு. கடல் தாண்டிப் போறவன் பாதி மூச்சோட எப்படிப் போறது, நீ ஊதிரு, அவளுக்குத் தெரிய வேண்டாம்னு கையப் புடிச்சுக்கிட்டாரு.

ராஜம்மாள்: பயம்.

பாவாயி: பயந்தான். அவரைக் குத்தம் சொல்லாதே. கப்பல்னா யாருக்குத்தான் பயமில்ல.

ராஜம்மாள்: குத்தம் சொல்லலீங்க. உங்க தம்பி என்ன சொன்னாரு?

பாவாயி: முடியாதுன்னான். அது ஏமாத்துன்னான். அப்பறம் தட்டிய வெலக்கி வெளிய எட்டிப் பார்த்தான். நீ தலையில அரிசி மூட்டையோட நின்னுட்டிருந்த. எறக்கி வெக்கக்கூடத் தோணாம, சாளை வாசலையே பார்த்துட்டு. அந்தப் புள்ளைய வெறுங்கையோட எப்படிக்கா அனுப்பறதுன்னு பொறவு என்கிட்டச் சொன்னான். உள்ள போயி ஊதிட்டான்.

ராஜம்மாள்: தன்ர ஆயுசு கொறையுமேன்னு உங்க தம்பி...

பாவாயி: நெனைச்சானோ என்னமோ. அன்னைல இருந்து அவன் அவனா இல்ல அம்மணி. மண்ணு மிதிக்கறப்ப ஒரு காலு மாத்தி ஒரு காலு, தறிக் கட்டை மிதிக்கற கணக்கா மிதிப்பான். மிதிச்சுக்கிட்டே இருக்கறவன் திடீர்னு நின்னு காது குடுப்பான். என்னடான்னா, ஒண்ணுமில்லைம்பான். தனியாச் சிரிச்சுக்குவான். ரேசன் அரிசியில புழுவாமாக்கான்னு சொல்லுவான். யாருடா சொன்னதுன்னா வாயத் தொறக்க மாட்டான்.

ராஜம்மாள்: இன்னுஞ் சொல்லுங்க.

பாவாயி: அந்த மாசி மாசம் மூணு நாளு சோறு உண்ணல. கையுங் காலும் ஓடலன்னு படுத்தே கெடந்தான். நான் மந்திரிக்கக் கூட்டிட்டுப் போனேன். மூணாம் நாளு பொழுதோட எந்திரிச்சு உக்காந்து, இருக்காக்கா, சாகலன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. இன்னைக்கு நீ சொன்ன பொறவுதான்...

ராஜம்மாள்: நிறுத்தாதீங்க அக்கா.

பாவாயி: கல்யாணத்துக்கு மூணு எடம் பார்த்தேன். பவானியில ஒண்ணு, மோகனூர்ல ஒண்ணு, இங்கயே ஒண்ணு. நல்ல புள்ளைங்க. வேண்டாம்னுட்டான். ஆடி பொறந்தா மட்டும் அவன் மொகத்தைப் பார்க்கோணுமே! ஆத்து மணல்ல கையி காலெல்லாம் தேச்சுக் குளிச்சு, வெளுத்த வேட்டி கட்டி, கூடையில மண்ணுக்கு மேல வாழையெலை மூடி... மண்ணு பூசப் போறவனுக்கு எதுக்குடா வெள்ளை வேட்டின்னு கேலி பண்ணுவேன்.

ராஜம்மாள்: பூசி முடிக்கறதுக்குள்ள வேட்டியெல்லாம் மண்ணாயிரும். சோறு போட்டா ஒரு வார்த்தை பேசாம தின்னுட்டு, வாரேனுங்கன்னு கெளம்பிருவாரு. அம்புட்டுத்தான்.

பாவாயி: அந்த ஒரு நாளு அவனுக்கு ஒரு வருசத்துக்கு வந்துச்சு.

ராஜம்மாள்: ...அக்கா, சந்தைக்குப் போனவரு எப்ப வருவாரு?

பாவாயி: வரமாட்டான்.

ராஜம்மாள்: சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.

பாவாயி: போயிட்டான் சாமி. வெள்ளிக்கெழம மத்தியானம். மண்ணெடுக்கற குழி சரிஞ்சு விழுந்துருச்சு. கார்த்திகை மழையில கரையெல்லாம் ஊறிக் கெடந்துச்சு. எறங்காதேடான்னேன். ராசிபுரத்து மண்ணாளுக்கு வலது கை தேஞ்சிருச்சுக்கா, அடி மண்ணு ஒரு கூடை எடுத்து வெச்சுக்கறேன், மழை நின்னா கொண்டுபோயிப் பூசிட்டு வாரேன்னான். ஆடிக்கு எட்டு மாசம் கெடக்குதேடா, பொறுக்கக் கூடாதான்னு கேட்டேன். கேக்காத மாதிரியே எறங்கிட்டான்.

ராஜம்மாள்: தேஞ்சதுதானுங்க. வெரலு ரெண்டு தேஞ்சுருச்சு. வலிக்குதான்னு நாந்தான் அதுகிட்டக் கேட்டேன். அதுக்கு மொத நாளு, வியாழக்கெழம.

பாவாயி: ஊருசனமே தோண்டுச்சு. வெளிய எடுத்தப்ப ஒரு கை இப்படித்தான் மேல தூக்குனாப்பல இருந்துச்சு. இந்த வண்டியில துணிய வெலக்கிப் பார்த்தா, அதே கை. சாவு ஊட்டுத் தண்ணிய வந்தவளுக்குக் குடுக்கக் கூடாதேன்னுதான் ஆத்துக்குப் போகச் சொன்னேன். தப்பா நெனைக்காதே.

ராஜம்மாள்: இல்லீங்க.

பாவாயி: இப்பப் புரிஞ்சுதா? மண்ணாளு நின்னது அவனால. உன்ர புருசனுக்கு ஒண்ணுமில்ல. தாலிய உள்ள போட்டுக்க. நாளைக்கே வேற மண்ணாளு புடிச்சுத் தாரேன், நானே ஊதறேன். கெழவி மூச்சு தறி நெய்யுமோ சட்டி வனையுமோ, உன்ர மாமியாளுக்குச் சத்தம் கேட்டாச் செரி. சண்டை முடிஞ்சு நாலு மாசமாச்சு. கப்பலெல்லாம் திரும்பி வருதுங்கறாங்க. உன்ர புருசனும் ஒரு நா வந்து நிப்பாரு... ராஜம்மா? ஏன் சாமி இப்படி அழுகற? நான் நல்ல சேதிதான சொன்னேன்?

ராஜம்மாள்: நல்ல சேதி எனக்கு முன்னயே வந்துருச்சுங்கக்கா.

பாவாயி: என்னது?

ராஜம்மாள்: நாலு நாளைக்கு முந்தித் தந்தி வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு மெட்ராசுல கப்பலு எறங்கிட்டாரு. வார வெள்ளிக்கெழம சேலத்துல ரயிலு எறங்கறாரு. மூச்சு குடுத்தவன் திரும்பி வந்தா மண்ணாளு இருக்கக் கூடாதாம்ல, போயிக் கரைச்சுட்டு வான்னு மாமியாளே வண்டி கட்டிக் குடுத்தாங்க.

பாவாயி: அப்ப... தாலியில கை வெச்சது?

ராஜம்மாள்: அப்படிப் பண்ணலைன்னா நீங்க வாயத் தொறக்க மாட்டீங்க. மன்னிச்சுக்குங்க.

பாவாயி: அப்ப அது அவரு மூச்சில்லைன்னு உனக்கு...

ராஜம்மாள்: மொத மாசமே தெரியுமுங்க. எங்க ஊட்டுக்காரரு பாவு புணையறதுல கெட்டிக்காரரு. இதுக்கு அறுந்த நூலை முடிச்சுப் போடவே தெரியல. தறிக்குழியில உக்காந்து, நூலைத் தொடறதுக்கு முந்தி கையத் தண்ணியில நனைக்குது. நெசவுக்காரன் எவனாச்சும் ஈரக்கையோட நூலைத் தொடுவானுங்களா? நாந்தான் ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தேன். ஆடியில உங்க தம்பி வந்து, மண்ணைத் தொடறதுக்கு முந்தி அதே மாதிரி கைய நனைச்சாரு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலீங்க. ஏழு ஆடியும் பேசிக்கல.

பாவாயி: எல்லாந் தெரிஞ்சிருந்தும்... புருசன் வார நேரத்துல ஊட்டை உட்டுப்போட்டு, இத்தனை தூரம் எதுக்கு சாமி வந்த?

ராஜம்மாள்: ஊட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காங்கக்கா, அங்க வெச்சு அவருக்காக ஒரு சொட்டு அழுக முடியல; பதினோரு நாளா அடக்கி வெச்சிருக்கறேன், அவரைப் பொதைச்ச எடத்தைக் காட்டுங்க, வண்டிக்காரரு வாரதுக்குள்ள அழுதுட்டுப் போயிடறேன்.